மண்டைதீவு மணலும் ஓமின் விதியும்

ஓமின் விதியை அறியாத மாணவர் எமது கல்லூரியின் விஞ்ஞான வகுப்புக்களில் இலர். ஜேர்மானிய ஆசிரியராகிய ஓம் என்பார் 1827ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்ட அவ்விதியை வினாத்தாளிற் கேட்டவுடன் எழுதிக் காட்டவும், மூன்று தடைகளைத் தொடராகவும் சமாந்தரமாகவும் இணைத்து விடை காணவும் அவர்கள் வல்லவர்கள். ஆயினும், முற்றத்தில் நிற்கும் ஜீப் வண்டிக்குக் காற்றடிக்கும் கொம்பிரஸர் ஒன்றைப் பூட்ட வேண்டும், அதற்கு எத்துணைத் தடிப்புள்ள வயர் வேண்டுமென்று தந்தையார் கேட்பாராயின், கராச்சுக்காரரிடம் விசாரியுங்கள் என்று கூறி அப்பாற் போய்விடுவர். கராச்சுக்காரர் கைப்பழக்கத்திற் சிறந்தவர். ஆனால் முந்தின வேலையில் மிஞ்சிக் கிடந்த வயரையே எடுத்து இணைத்து விடுவாரும் அவருள் உண்டு. கணக்கறிந்தவர் கையை நீட்டாமலும், கையறிந்தவர் கணக்குப் பாராமலும் இருந்தால் நடுவிலே எரிவது வயர். இவ்விரு சாராரையும் ஒரு மேசையில் இருத்திப் பேசவைக்க வேண்டுமென்ற எண்ணத்தினாலேயே இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டோம்.

வண்டிக்குள்ளே கொம்பிரஸர் எதற்கு என்று கேட்பவர் ஒருமுறை மண்டைதீவுக் கரையோரமாக வண்டி செலுத்திப் பார்ப்பாராக. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே மேற்கு நோக்கிச் செல்வார்க்கு முதலில் எதிர்ப்படும் தீவு இது. வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் புங்குடுதீவுக்கும் போவோர் தார் வீதியிலே இதனைப் பக்கத்தில் விட்டு விரைந்துவிடுவர். உள்ளே திரும்பியவர்க்கோ வீதி முடியும் இடத்தில் மணல் தொடங்குகிறது. சற்று அப்பாலுள்ள மண்கும்பானுக்கு அப்பெயர் வாய்த்த காரணத்தை அவ்வழிச் சென்ற சில்லுக்கள் நன்கறியும். வலைகளையும் மீனையும் ஏற்றிக்கொண்டு கரைக்கும் வீதிக்குமிடையே ஓடும் வண்டிக்கு, தார் வீதிக்குரிய காற்று வேறு, மணலுக்குரிய காற்று வேறு.

இதன் காரணம் எளியது. சில்லொன்றின்மேல் 500 கிலோ பாரம் இருக்கின்றதெனக் கொள்வோம். ரயரின் உள்ளே சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் காற்று உண்டாயின் அது சதுர சதமமீற்றருக்கு ஏறக்குறைய 2.46 கிலோவாகும். அப்பாரத்தைத் தாங்க ரயர் நிலத்தோடு பதிய வேண்டிய பரப்பு 203 சதுர சதமமீற்றர். காற்றை 18 இறாத்தலுக்கு இறக்கினால், பதியும் பரப்பு 395 சதுர சதமமீற்றராக, அதாவது ஏறக்குறைய இருமடங்காக விரிகின்றது. ரயரின் சுவருக்குரிய விறைப்பை இங்கே கணக்கில் எடுத்திலோம். ஆயினும் போக்கு இதுவே. ஒட்டகத்தின் அகன்ற பாதமும் இவ்வுண்மையையே நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றது.

பாலைவனத்தில் மோட்டார் வண்டி செலுத்தியோர் இதனை அனுபவத்தாற் கண்டனர். பிரித்தானிய இராணுவப் பொறியியல் அதிகாரியாகிய பாக்னோல்ட் என்பவர் 1920களின் பிற்பகுதியிலே சாதாரண போர்டு வண்டிகளைக் கொண்டு லிபியப் பாலைவனத்தின் மணற்குன்றுகளைக் கடந்தார். ரயர்க் காற்றைக் குறைப்பது அவர் கையாண்ட உபாயங்களுள் ஒன்று. பின்பு அவர் காற்றினால் மணல் நகரும் முறையை ஆராய்ந்து 1941இல் வெளியிட்ட நூல் இன்றும் அத்துறையில் மூலநூலாகப் போற்றப்படுகின்றது. இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்கர் அமைத்த, நீரிலும் நிலத்திலும் செல்லும் 'டக்' என்னும் வண்டி இன்னும் ஒருபடி மேலே சென்றது. கடலிலிருந்து மணற்கரைக்கு ஏறும்போது ரயர்க் காற்றை இறக்கவும், கடினமான வீதிக்கு வந்ததும் ஏற்றவும், வண்டியை நிறுத்தாமலே சாரதி தன் ஆசனத்திலிருந்து செய்யத்தக்கதாக அதிலே கொம்பிரஸரும் குழாய்களும் அமைந்திருந்தன. 1944இல் நோர்மண்டிக் கரையில் இறங்கிய வண்டிகளுள் இவையும் அடங்கும்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எமக்கு எதிர்க்கரையிலுள்ள தனுஷ்கோடி 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் அழிந்தபின், அம்முனைக்குப் போக விரும்பியோரை மணலிலும் சேற்றிலும் ஏற்றிச் சென்றவை ஜீப்புகளும் வான்களுமே. 2017ஆம் ஆண்டிலே புதிய வீதி திறக்கப்படும்வரை அவ்வோட்டம் நடைபெற்றது. மணலோடு பழகியவன் சாரதியாக இல்லாத வண்டி அங்கே பாதி வழியில் நின்றுவிடும்.

காற்றை இறக்குவது எளிது. ஈர்க்குத் துண்டொன்று போதும். ஏற்றுவதன்றோ கருமம்? மணலிலிருந்து வெளியேறியவர், காற்றடிக்கும் இடம் தேடி, 18 இறாத்தல் காற்றோடு தாம்போதியின் தார் வீதியிலே மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்வாராயின், ரயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கின்றது. மடிவதனால் வெப்பம் பிறக்கின்றது. வெப்பத்தால் றப்பரும் அதனுள்ளிருக்கும் நூலிழைகளும் பிரிகின்றன. ரயர் வெடிக்கும் இடத்தைத் தெரிவு செய்யும் உரிமை சாரதிக்கு இல்லை. இருபுறமும் பரவைக் கடலாகக் கிடக்கும் ஒடுங்கிய வீதியில், எதிரே பயணிகள் வண்டி வந்துகொண்டிருக்கும்போது அது நிகழுமாயின் விளைவு யாதென்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆதலின் காற்றை இறக்கியவிடத்திலேயே ஏற்றிக்கொண்டு புறப்படுதல் உயிரோடு தொடர்புற்ற கருமமாகும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதைப் பொயிலின் விதியைக் கொண்டு கணிக்கலாம். ஜீப் வண்டியின் பெரிய ரயரொன்றின் உட்கொள்ளளவை 60 லீற்றரெனக் கொள்வோம். 18இலிருந்து 35 இறாத்தலுக்கு ஏற்ற வேண்டியது 17 இறாத்தல். வளிமண்டல அமுக்கம் 14.7 இறாத்தலாதலின், அது 1.16 வளிமண்டலத்துக்குச் சமம். 60ஐ அதனாற் பெருக்கினால் 69 அல்லது 70 லீற்றர் வெளிக் காற்று. நான்கு சில்லுக்கும் ஏறக்குறைய 280 லீற்றர். காலால் மிதித்து அடிக்கும் பம்பு, மிதிக்கு அரை லீற்றர் தருமெனின், 560 மிதி மிதிக்க வேண்டும். சித்திரை வெயிலில் இதனைச் செய்து பார்த்தவர் கொம்பிரஸரின் விலையைப் பற்றிப் பின்னர் வாதாடமாட்டார். நிமிஷத்துக்கு 40 லீற்றர் தரும் பொறி இதனை ஏழு நிமிஷத்தில் முடிக்கும். 20 லீற்றர் தருவது பதினான்கு நிமிஷம் எடுக்கும். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பெருந்தொகையை நம்பற்க. அது எதிர் அமுக்கம் எதுவுமின்றி வெறுங்காற்றில் ஓடும்போது கிடைப்பது. 30 இறாத்தலுக்கு எதிராக எத்தனை லீற்றர் தருமென்பதே வினவற்பாலது. இடைவிடாது எத்தனை நிமிஷம் ஓடலாம், அதன்பின் எத்தனை நிமிஷம் ஆற வேண்டும் என்பதும் அங்கே எழுதப்பட்டிருக்கும். பதினைந்து நிமிஷம் ஓடிப் பதினைந்து நிமிஷம் ஆறும் பொறியை முப்பது நிமிஷம் ஓட்டினால் அது மூன்றாம் முறைக்கு மிஞ்சாது.

இனி மின்னிணைப்பு. முதலில் வண்டியை அறிந்துகொள்ள வேண்டும். எமது நாட்டில் ஓடும் ஜீப்புகளிற் பெரும்பாலானவை 12 வோல்ற்று. சில டீசல் வண்டிகள் இரு பற்றறிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ற்று. பழைய லாண்ட்ரோவர் போன்றவற்றிலே நேர்முனையை வண்டியின் உடலோடு இணைத்திருப்பதும் உண்டு. அதனை அறியாமல் இன்றைய பொறியை மாட்டினால் மோட்டார் எதிர்த்திசையிற் சுழலும், றிலேயில் டயோட்டு இருந்தால் அதுவும் எரியும். அவ்வாறான பழைய வண்டிகளில் மின்னாக்குவது டைனமோவாயின் அதன் முழு வலுவே ஏறக்குறைய 20 அம்பியர் என்பதையும் மறத்தலாகாது.

சிகரெட் பற்றவைக்கும் குழியிலே சொருகினாற் போதாதோ என்று கேட்பார் பலர். சைக்கிளுக்கும் மோட்டார்ச் சைக்கிளுக்கும் காற்றடிக்கும் சிறு பொறிக்கு அது போதும். அக்குழி பொதுவாக 10 முதல் 15 அம்பியருக்கு அமைந்தது. அதன் பின்னாலுள்ள வயரும் அவ்வளவினதே. 30 அம்பியர் கேட்கும் பொறியை அதிலே சொருகினால் பியூஸ் எரியும். எரிந்த பியூஸை மாற்றாமல், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ செப்புக் கம்பியையோ சுற்றி விடும் வழக்கம் எம்மவரிடையே இருக்கின்றது. இதனைக் கெட்டித்தனமென்று மெச்சுவாரும் உளர். நாம் மெச்சோம். பியூஸ் எரிந்தது எச்சரிக்கை. எச்சரித்தவனின் வாயைக் கட்டியபின் எரிவது டாஷ்போர்டின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பத்து வயர்களோடு ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும் வயர்.

ஆதலின் பற்றறியிலிருந்து தனியே வழி அமைக்க வேண்டும். அவ்வழியின் தடிப்பு எவ்வளவு? இங்கேதான் ஓமின் விதி கல்லூரி மதிலைத் தாண்டி வருகின்றது. செம்பின் தடைத்திறனைக் கொண்டு கணக்கிடின், ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குப் பரப்புள்ள செப்பு வயர் மீற்றருக்கு 0.0172 ஓம் தடையுள்ளது. பற்றறியிலிருந்து வண்டியின் பின்புறத்திலுள்ள பொறிவரை வயர் செல்லும் தூரம் 3 மீற்றரெனக் கொள்வோம். மின் போனாற் போதாது, திரும்பியும் வரவேண்டும்; ஆகவே 6 மீற்றர். இதனை மறப்பதே மாணவர் பெரும்பாலும் விடும் பிழை. அவ்வயரின் முழுத்தடை 0.103 ஓம். 30 அம்பியர் பாயும்போது வயரிலேயே இழக்கப்படுவது 3.1 வோல்ற்று! 12 வோல்ற்றிலே புறப்பட்டது பொறியை அடையும்போது 9 வோல்ற்றளவினதே. இழந்த வலு எங்கே போயிற்று? மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினால் 93 வாற்று. அத்தனையும் வயரில் வெப்பமாகின்றது. ஒரு பெரிய மின்குமிழின் சூட்டை ஆறு மீற்றர் றப்பர் உறைக்குள் அடைத்து, அதனைப் பெற்றோல் வண்டியின் தரை விரிப்பின்கீழ் ஒளித்து வைத்ததற்கு இஃது ஒப்பாகும்.

2.5 சதுர மில்லிமீற்றர் வயரை இட்டால் இழப்பு 1.24 வோல்ற்று, 37 வாற்று. இதுவும் மிகை. 6 சதுர மில்லிமீற்றரெனின் 0.52 வோல்ற்று, 15 வாற்று, இது பொறுக்கத்தக்கது. 10 சதுர மில்லிமீற்றரெனின் 0.31 வோல்ற்று. கையில் பணமும் வண்டியில் இடமும் உள்ளவர் பத்தையே இடுக. மற்றையோர் ஆறிற் குறையாதிருக்க. வயர் வாங்கும்போது கடைக்காரர் வெளித்தடிப்பைக் காட்டுவார். தடித்த உறைக்குள் மெலிந்த செம்பு இருக்கும் வயர்கள் சந்தையில் உண்டாதலின், நுனியை உரித்து உள்ளிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். செப்பு நிறம் பூசிய அலுமினியம் அதனினும் கேடு. வீட்டுச் சுவரில் ஓடும் ஒற்றைக் கம்பி வயரும் வண்டிக்கு ஆகாது; அதிர்வில் முறிந்துவிடும். பல மெல்லிழைகளை முறுக்கிய வயரே வேண்டும்.

வோல்ற்று குறைந்தால் மோட்டாரும் குறைந்த மின்னையே எடுக்குமாதலால் தீங்கில்லை என்று சிலர் வாதிப்பர். தடைக்கம்பி அடுப்புக்கு இவ்வாதம் பொருந்தும், மோட்டாருக்குப் பொருந்தாது. நிலைக்காந்த மோட்டாரின் முறுக்குவிசை மின்னோட்டத்தைப் பொறுத்தது. கொம்பிரஸர் கேட்கும் முறுக்குவிசையோ அது எதிர்க்கும் காற்றமுக்கத்தைப் பொறுத்தது. அமுக்கம் மாறாதிருக்க வோல்ற்று மாத்திரம் குறைந்தால் வேகம் குறைகின்றது, மின்னோட்டமோ ஏறக்குறைய அவ்வாறே நிற்கின்றது. அதாவது சூடு அதுவே, காற்று குறைவு. மேலும், சுழலாது நிற்கும் மோட்டாரில் எதிர் மின்னியக்க விசை இல்லாமையால், புறப்படும் கணத்தில் அது வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பன்மடங்கு இழுக்கும். மெல்லிய வயரின் கோடியில் இருக்கும் மோட்டார், அமுக்கம் நிறைந்த குழாய்க்கு எதிராகப் புறப்பட முயன்று, முடியாமல் உறுமி நின்று, தன் சுருள்களைத் தானே எரித்துக்கொள்வது இதனாலேயே. எஞ்சினை ஓடவிட்டுக் காற்றடிக்க வேண்டும் என்பதன் காரணமும் இதிலே அடங்கும். ஓடும்போது பற்றறி முனையில் ஏறக்குறைய 14 வோல்ற்று நிற்கும். நின்றால் 12 சொச்சமே. காற்றடித்து முடிந்தபின் எஞ்சினைப் புறப்படுத்தப் பற்றறியில் வலுவில்லாமற் கரையிலே நிற்பது, சில்லு புதைந்து நிற்பதிலும் மோசம்.

பியூஸைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். பொறியைக் காப்பதற்காகவே பியூஸ் என்று நினைப்பவர் அதனைப் பொறியின் அருகில் வைக்கின்றனர். பியூஸ் காப்பது வயரை. பற்றறிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள வயர் எங்கேனும் உராய்ந்து வண்டியின் இரும்பைத் தொடுமாயின் அதனை நிறுத்த உலகில் எதுவுமில்லை. எஞ்சினைப் புறப்படுத்த நூற்றுக்கணக்கான அம்பியரைத் தள்ளவல்ல பற்றறி, அந்த வயரைச் செந்நெருப்பாக்கிவிடும். ஆகையால் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். 6 சதுர மில்லிமீற்றர் வயருக்கும் 30 அம்பியர் பொறிக்கும் 40 அம்பியர் பியூஸ் தகும்; புறப்படுங்கணத்து இழுப்பைச் சற்றுப் பொறுக்கும் தன்மையதாக அது இருத்தல் நன்று. 40 எரிகின்றதென்று 60 இடுபவர், தடித்த வயரையும் சேர்த்து இடுவாராக.

30 அம்பியரை டாஷ்போர்டிலுள்ள சிறு சுவிச்சினூடாகச் செலுத்தினால் அதன் முனைகள் பொறிபறந்து கருகும். அதற்காகவே றிலே. சிற்றாள் சொற்கேட்டுப் பெரியாள் கதவு திறப்பது போன்றது அதன் தொழில். வண்டிக் கடைகளில் விற்கும் சாதாரண றிலேயின் அடியில் 30, 85, 86, 87 என நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30இல் பியூஸைக் கடந்து வரும் தடித்த வயர்; 87இலிருந்து பொறிக்குச் செல்லும் தடித்த வயர். 85க்கும் 86க்கும் இடையில் ஒரு மின்காந்தச் சுருள். அதன் தடை 85 ஓம் எனின் 12 வோல்ற்றில் அது எடுப்பது 0.14 அம்பியர் மாத்திரமே. ஆகவே சுவிச்சுக்குச் செல்லும் வயர் மெல்லியதாக இருக்கலாம். 86க்கு வரும் மின்னைச் சாவி திருப்பினால் மாத்திரம் உயிர்பெறும் வழியிலிருந்து, 3 அம்பியர் பியூஸினூடாக எடுத்துச் சுவிச்சுக்குக் கொண்டுவர வேண்டும், 85 எதிர்முனைக்கு. சாவியை எடுத்தபின் பிள்ளைகள் சுவிச்சைத் தட்டினாலும் பொறி ஓடாது. சுருளை நிறுத்தும் கணத்தில் எழும் எதிர் வோல்ற்றைத் தணிக்கும் டயோட்டு உள்ளே வைத்த றிலேயாயின், 86 நேர், 85 எதிர் என்ற ஒழுங்கை மாற்றலாகாது. றிலேயின் மேல் 40 அம்பியர் என்றிருப்பது குளிர்ந்த இடத்துக்குரிய கணக்கு. எஞ்சின் சூட்டின் அருகே, பத்து நிமிஷம் ஓயாது 30 அம்பியர் செல்லும் வேலைக்கு 70 அம்பியர் றிலே வாங்குவதை வீண்செலவென்று நாம் கொள்ளோம்.

காற்றைச் சேர்த்து வைக்கும் சிறு தாங்கியும் பூட்டுவோர், அமுக்கச் சுவிச்சொன்றையும் சேர்க்க வேண்டும். தாங்கியில் 85 இறாத்தலுக்குக் குறைந்தால் இணைத்து, 105 இறாத்தலுக்கு ஏறினால் துண்டிக்கும் வகை பொதுவாகக் கிடைக்கும். இதனை றிலேயின் மெல்லிய வழியிலே டாஷ்போர்டுச் சுவிச்சோடு தொடராக இணைக்க. தடித்த வழியில் இணைத்தால் சில நாளிற் கருகும். அமுக்கச் சுவிச்சு பழுதடைந்தாலும் தாங்கி வெடியாதிருக்கத் தானே திறந்துகொள்ளும் காப்பு வாயில் ஒன்று கட்டாயம் வேண்டும். பொறிக்கும் தாங்கிக்கும் இடையே ஒருவழி வாயில் இருப்பதும் நன்று.

நேர்முனை வழிக்கு இத்துணைக் கவனஞ் செலுத்துவோர் எதிர்முனை வழியைக் கைவிட்டு விடுகின்றனர். பக்கத்தில் கண்ட இரும்பு ஆணியொன்றிலே எதிர் வயரை மாட்டிவிட்டு வேலை முடிந்ததென்பர். எமது தீவுப் பகுதிகளில் அந்த ஆணியின்கீழ் இருப்பது இரும்பன்று, கறள். கறளும் பெயின்றும் சேர்ந்து 0.05 ஓம் தடை தந்தாற்கூட 30 அம்பியரில் 1.5 வோல்ற்று இழப்பு. 45 வாற்று வெப்பம், அதுவும் ஒரு நாணயத்தளவான இடத்தில். லாண்ட்ரோவர் வைத்திருப்போர்க்கு இன்னுமொரு தொல்லை. போருக்குப் பின்னர் உருக்குத் தட்டுப்பாடான காலத்தில், 1948இலே பிறந்த அவ்வண்டியின் மேலுடல் அலுமினியக் கலவையால் ஆனது; அடிச்சட்டம் உருக்கு. இரு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் சந்திக்குமிடத்தில் ஒரு சிறு மின்கலமே உண்டாகி, அலுமினியம் வெண்தூளாகக் கரைகின்றது. ஆகவே எதிர் வயரையும் அதே தடிப்பில் நேரே பற்றறியின் எதிர்முனைக்குக் கொண்டு போவதையே நாம் விரும்புகின்றோம். மூன்று மீற்றர் வயரின் விலை அதிகம். ஆனால் அது பிறகு தேடும் நேரத்தின் விலையிற் குறைவு.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் மண்டைதீவு வண்டியைப் பற்றி எழுதுவது நிறைவாகாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கதவுக் கைப்பிடியை நாவிற் பட வைத்தால் உப்புக் கரிக்கும். அவ்வுப்பு ஈரத்தை இழுத்துச் செப்பு வயரின் இழைகளூடே ஏறுகின்றது. மேலுறை புதிதுபோல் இருக்க, உள்ளே பச்சைக் களிம்பு ஒரு முழ நீளத்துக்குப் போயிருக்கும். படகுகளில் வேலை செய்வோர் ஈயம் பூசிய செப்பிழை வயரை நாடுவது இதனாலேதான். வண்டிக்காரரும் அவர்களிடம் கற்க வேண்டும். நுனிகளை வெறுங்கையால் முறுக்கி நாடா சுற்றுவது கூடவே கூடாது. தகுந்த குறட்டினால் அழுத்திப் பிடித்த முனைகளை மாட்டி, சூட்டிற் சுருங்கி உட்பசை கசியும் குழாயை அதன்மேல் இட வேண்டும். ஈயப் பற்றுவைத்தல் நன்றன்றோ எனின், அசையாத வானொலிப் பெட்டிக்கு நன்று. ஓயாது அதிரும் வண்டியில் பற்று முடியும் விளிம்பில் இழைகள் விறைத்து முறிகின்றன. பற்றறி முனைகளை உரசித் துப்புரவாக்கி இறுக்கியபின் மேலே சிறிது வாசலீன் பூசிவிடுக. பூசியபின் இறுக்குவோர் ஒழுங்கை மாற்றிவிடுகின்றனர்.

வயர் செல்லும் வழி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரும்புத் தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் றப்பர் வளையம் வேண்டும். புகைக்குழாயிலிருந்து எட்டி இருக்க வேண்டும். ஒரு சாணுக்கொரு கட்டு வேண்டும். பொறியை வைக்குமிடமோ யோசனைக்குரியது. எஞ்சின் அறை வசதியானது, ஆனால் சூடானது. அடிச்சட்டத்தில் மணலும் கடல்நீரும் அடிக்கும். ஆசனத்தின் கீழோ பின்பெட்டியிலோ காற்றோட்டமுள்ளவாறு வைப்பது எமது கருத்து. பொறி மூச்சு இழுக்கும் வாயிலை எவ்வளவு உயர்த்தலாமோ அவ்வளவு உயர்த்தி, அதன் வடிகட்டியை அடிக்கடி தட்டித் துடைக்க வேண்டும். சங்கும் முருகைக்கல்லும் அரைந்த எமது கரையோரப் பொடிமணல் உள்ளே புகுந்தால் ஆடுதண்டின் வளையத்தை அரம்போல் அராவிவிடும். அழுத்திய காற்று மிகச் சூடாக வெளிவருமாதலின், பொறியிலிருந்து புறப்படும் முதற் குழாய் சூடு தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண பிளாஸ்ரிக் குழாய் அங்கே உப்பி வெடிக்கும்.

இவையெல்லாம் எமது மக்களுக்குப் புதுக்கலை என்று எவரும் எண்ணற்க. 1990 முதல் 1995 வரை குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்திலே, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும், சில துளி பெற்றோலாற் புறப்படுத்தி மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டியவர்களும் இங்கே இருந்தனர். அவர்களுட் பலர் ஓமின் பெயரைக் கேட்டறியாதவர். கைக்கு அறிவு வந்த வழி வேறு. ஆனால் எங்கே மின் கசிகின்றது, எங்கே சுடுகின்றது என்பதை விரலால் தொட்டுச் சொல்லும் ஆற்றல் அவர்களிடம் இருந்தது. அந்தத் தலைமுறை இன்றும் கராச்சுக்களில் இருக்கின்றது. விஞ்ஞான மாணவர் ஒரு விடுமுறைக் காலத்தை அவர்களருகிற் கழிப்பாராக.

வேலை முடிந்தபின் சோதிப்பது எவ்வாறு? வோல்ற்றுமானி ஒன்றை எடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளையும் குளிரூட்டியையும் நிறுத்தி, பொறி ஒரு ரயருக்கு அடித்துக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடாத பொறியில் அளந்தால் மின்னோட்டமின்மையால் எல்லாம் செவ்வையாகவே தோன்றும். பற்றறி முனைகளில் 13.8 என்றும், பொறியின் முனைகளில் 13.2 என்றும் காட்டுமாயின் கணக்கும் கையும் ஒத்தன. 12இற்குக் கீழே காட்டினால் மானியின் ஒரு காலைப் பற்றறியின் நேர்முனையிலும் மறுகாலைப் பியூஸின் அப்பக்கத்திலும், பின்பு றிலேயின் 30இலும், 87இலும், பொறியின் நேர் வயரிலும் படிப்படியாக வைத்துச் செல்க. எவ்விடத்தில் வாசிப்புத் திடீரெனத் தாவுகின்றதோ அவ்விடமே பழுது. அவ்வாறே எதிர்முனை வழியையும் தனியே பார்க்க வேண்டும். பெரும்பாலும் பழுது அங்கேதான் இருக்கும். பத்து நிமிஷம் ஓடியபின் ஒவ்வொரு இணைப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க. இளஞ்சூடு இருக்கலாம், கையை இழுக்க வைக்கும் சூடு இருத்தலாகாது.

ரயரிலே எத்தனை இறாத்தல் ஏறியது என்பதைப் பொறியோடு வரும் மானியில் அது ஓடும்போது வாசிப்பவர் ஏமாறுவர். குழாயினுள்ளே ஓடும் காற்றின் அமுக்கத்தையும் அது சேர்த்துக் காட்டும். பொறியை நிறுத்தித் தனி மானியால் அளக்க வேண்டும். மணலில் ஓடிச் சூடேறிய ரயரில் 35 என்று காட்டுவது மறுநாட் காலையில் 32 ஆகக் குறைந்திருக்கலாமாதலின், ஆறியபின் இன்னொருமுறை பார்த்துக்கொள்க. தாங்கி உடையோர் மாதத்துக்கொருமுறை அதன் அடியிலுள்ள வாயிலைத் திறந்து, உள்ளே சேர்ந்த நீரை வெளியேற்றி விடுக. எமது ஈரக் காற்றில் ஒரு தேநீர்க் கோப்பையளவு வந்தாலும் வியப்பில்லை.